14 உருப்படி பார் செட்: கையில் எடுப்பது நாலைந்துதான்

வீட்டுக்கு நாலு பேர் வந்தால் பாட்டிலையும் சோடாவையும் மேசையில் வைத்துவிட்டு ஆளாளுக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்வதற்குப் பதில், நாமே இரண்டு காக்டெய்ல் கலந்து கொடுத்தால் என்ன என்று ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பது இந்த மாதிரி செட்டுகள்தான். மூங்கில் ஸ்டாண்டு, அதில் வரிசையாகச் செருகிய ஸ்டீல் சாமான்கள், ஒரு குட்டி ரெசிபி புத்தகம். நான் வாங்கியதில் 14 உருப்படி. பிராண்டு பெயர் சொல்லவில்லை, படங்களைப் பார்த்தால் இதே சாமான் வேறு வேறு பெயரில் கிடக்கிறது, அதனால் எந்தப் பெயரில் வாங்கினாலும் இது பொருந்தும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டரை. யாராவது பரிசாகக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் தனித்தனியாக வாங்குங்கள்.

ஷேக்கர் மூன்று பாகமாக வருகிற காப்ளர் வகை. அடியில் டின், அதன் மேல் சல்லடை வைத்த தோள், உச்சியில் சின்ன மூடி. ஸ்டீல் நல்ல கனம், ஒழுகவில்லை, ஒரே குலுக்கலில் இரண்டு கிளாஸுக்குக் கலக்கலாம். பிரச்சினை குலுக்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஐஸ் பட்டு உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து அழுத்தம் குறைகிறது, ஸ்டீலும் லேசாகச் சுருங்குகிறது, மூடி கவ்விப் பிடித்துக்கொள்கிறது. விருந்தாளிகள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் ஈரக் கையோடு மூடியுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். இணைப்பு இருக்கிற இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிட்டால் கழன்று வரும். இரண்டு டின்னை ஒன்றில் ஒன்று செருகிக் குலுக்கும் பாஸ்டன் ஷேக்கரில் இந்தத் தலைவலி குறைவு, பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் திறந்துவிடும். ஆனால் அதற்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும், வடிகட்டியும் தனியாக வேண்டும்.

வடிகட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. ஷேக்கரிலேயே சல்லடை இருக்கும்போது, ஸ்பிரிங் சுற்றிய ஹாத்தார்ன் ஸ்ட்ரெய்னர் ஒன்றையும் இந்த செட்டில் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டத்தான், வேறு காரணம் தெரியவில்லை. இருந்தாலும் புதினா போட்டுக் குலுக்கும்போது ஷேக்கரின் சல்லடை ஓட்டைகள் அடைத்துக்கொள்கின்றன, அப்போது தோளோடு மேல்பாகத்தைக் கழற்றிவிட்டு டின் மேல் இதை வைத்து வடித்தால் வேலை நடக்கிறது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது ஜிக்கர் என்கிற இரட்டை அளவுக் கப் மேல்தான். ஒரு பக்கம் 30, இன்னொரு பக்கம் 60 மில்லி, உள்ளே 15க்கு ஒரு கோடு. சமையலறைத் தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு மில்லி தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால் இது சுலபமான சோதனை. விளிம்பு வரை தளும்ப ஊற்றினால்தான் 30 வருகிறது, அப்படி ஊற்றினால் ஷேக்கருக்குக் கொண்டுபோவதற்குள் பாதி கையில் வழிகிறது. 15 கோட்டில் நிறுத்தினால் 12தான் இருக்கிறது. விஸ்கி சோடா கலப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் டைக்கிரி மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், 60 மில்லி வெள்ளை ரம்முக்கு எலுமிச்சைச் சாறு வெறும் 20 மில்லிதான். அதில் 5 மில்லி கூடினாலோ குறைந்தாலோ புளிப்பில் கால் பங்கு மாறிப்போகிறது, முதல் கிளாஸ் நன்றாக இருக்கும், அடுத்தது வாயில் வைக்க முடியாது. அந்த 20க்கு இதில் கோடே கிடையாது! உள்பக்கம் மில்லிக் கணக்கு அச்சிட்ட சின்ன அளவுக் கப் ஒன்றைத் தனியாக வாங்கி அதைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன்.

மட்லர், அதாவது புதினா, பழம் நசுக்கும் குட்டி உலக்கை, மரத்தில் செய்தது, மேலே பளபளவென்று வார்னிஷ். எலுமிச்சைச் சாறு பட்டுப் பட்டு அந்த வார்னிஷ் உரிய ஆரம்பித்து, கிளாஸின் அடியில் சின்னச் சின்னச் செதிளாகக் கிடந்ததைப் பார்த்தபோதே அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். பூச்சு இல்லாத மரமாகவோ ஸ்டீலாகவோ வாங்குங்கள். பல் வைத்த மட்லரில் மொஹீட்டோவுக்குப் புதினா நசுக்கினால் இலை கிழிந்து கசப்பு இறங்கிவிடும், வாசனை வர லேசாக அழுத்தினாலே போதும்.

பார் ஸ்பூன் நன்றாக இருக்கிறது, நீளமும் போதும், முறுக்குக் காம்பு விரலில் சுழலுகிறது. சாறு, பால், முட்டை சேர்ந்தால் குலுக்க வேண்டும், மது மட்டுமே சேருகிற நெக்ரோனி மாதிரியானவற்றைக் கிளற வேண்டும், அதற்கு இது வேண்டும். பாட்டில் வாயில் செருகும் ஊற்றுக் குழாய்களும் பரவாயில்லை, விருந்து முடிந்ததும் கழற்றிவிட்டுப் பழைய மூடியைப் போடுவதாக இருந்தால். அப்படியே விட்டால் ஆல்கஹால் ஆவியாகும், லிக்கர் எனப்படும் இனிப்பு மது பாட்டிலில் சர்க்கரை உறைந்து அடைத்துக்கொள்ளும், பழ ஈ வேறு வரும். ஓப்பனர், இடுக்கி எல்லாம் இருக்கின்றன, அவ்வளவுதான். ரெசிபி புத்தகம் அவுன்ஸில் பேசுகிறது (ஒரு அவுன்ஸ் சுமார் 30 மில்லி).

இவ்வளவு கொடுத்தவர்கள் எலுமிச்சை பிழியும் கருவி கொடுக்கவில்லை. ஐஸ் தட்டும் இல்லை. காக்டெய்லில் ஐஸ் என்பது குளிர்ச்சிக்கு மட்டும் இல்லை, குலுக்கும்போது உருகிச் சேரும் தண்ணீரும் அந்தக் கலவையில் ஒரு பங்கு. ஆறு பேர் வந்தால் ஃப்ரிட்ஜில் இருக்கும் ஒரு தட்டு ஐஸ் முதல் சுற்றுக்கே பத்தாது. முந்தின நாளிலிருந்தே உறையவைத்துப் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவையுங்கள், திறந்து கிடந்தால் ஃப்ரிட்ஜில் உள்ள மசாலா வாசனையெல்லாம் ஐஸில் ஏறிவிடும்.

அப்புறம், எல்லா கிளாஸையும் விருந்தாளிகள் முன்னால் குலுக்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஜின், கம்பாரி (சிவப்பான கசப்பு மது), ஸ்வீட் வெர்முத் மூன்றையும் சம அளவு கலந்து, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, பாட்டிலில் அடைத்துக் குளிரவைத்துவிட்டால் நெக்ரோனி ரெடி. ஐஸ் போட்ட கிளாஸில் ஊற்றிக் கொடுத்துவிட்டு நாமும் பேச்சில் உட்காரலாம். வெர்முத் மட்டும் ஒயின் வகை, திறந்த பாட்டிலை அலமாரியில் வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

குடிக்காதவர்களுக்கும் இதே ஷேக்கர்தான். எலுமிச்சைச் சாறு, இஞ்சி போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு, கொஞ்சம் புதினா, ஐஸ் போட்டுக் குலுக்கி வடித்து மேலே சோடா ஊற்றுங்கள், வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்களும் கையில் கிளாஸோடு நிற்பார்கள். சோடாவை மட்டும் ஷேக்கருக்குள் ஊற்றிக் குலுக்கிவிடாதீர்கள், மூடி பறந்து கூரையில் போய் இடிக்கும்.