ரீமேப் செய்து ஆறு ஆண்டுகள்: ஈசிஎம்மை யாரிடம் கொடுப்பது?

சென்ற மாதம் என்னுடைய 2013 ஸ்விஃப்ட் டீசலுக்குக் கிளட்ச் மாற்றினேன். வண்டி 1,68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கழற்றியது கம்பெனியிலிருந்து வந்த முதல் கிளட்ச். இதைக் கேள்விப்பட்ட சகலை, அவரும் அண்மையில் அதே எஞ்சின் உள்ள 2017 ஸ்விஃப்ட் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பதால், "ரீமேப் பண்ணியும் இத்தனை நாள் தாங்குச்சுங்களாண்ணா? அந்த ஒர்க்‌ஷாப் நம்பரைக் குடுங்க" என்றார். ரீமேப் என்றால், எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதையெல்லாம் முடிவுசெய்யும் எஞ்சின் கணினியான ஈசிஎம்மின் புரோகிராமை மாற்றுவது; அந்தப் புரோகிராமைத்தான் ஃபைல் என்பார்கள். நம்பரைக் கொடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியவை இருப்பதால் இதை எழுதுகிறேன்.

கோபியிலிருந்து மாமனார் ஊரான தாளவாடிக்கு மாதம் இரண்டு முறையாவது திம்பம் மலைப்பாதையில் ஏறுகிறோம். 27 கொண்டை ஊசி வளைவுகள். 2022இல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தபின் பகலில் லாரிகளின் நெருக்கம் வேறு. இந்த எஞ்சினின் 190 நியூட்டன் மீட்டர் இழுவை நிமிடத்துக்கு 2,000 சுற்றில்தான் முழுதாகக் கிடைக்கும். வளைவில் இரண்டாவது கியரில் நுழையும்போது முள் 1,300இல் நிற்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ எழும்பாது. பின்னால் லாரி ஒலி எழுப்ப, முன்னால் ஏற்றம் நிமிர்ந்து நிற்க, வண்டி அப்படியே துவண்டுபோகும் அந்த இரண்டு நொடிகளுக்காகத்தான் நான் ரீமேப் செய்தேன், வேகத்துக்காக அல்ல.

2019இல், 96,000 கிலோமீட்டரில், கோவையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். சுவர் முழுக்கப் பந்தயக் கோப்பைகள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊரில் அதைப் பார்த்து மயங்காதவர் குறைவு, நானும் மயங்கினேன். பந்தய வண்டியை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் பிரித்துப் பார்ப்பார்கள், குடும்பத்தோடு மலையேறும் வண்டியை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்தச் சாலையில் ஓடுகிறது என்று எதுவும் கேட்காமலேயே லேப்டாப்பைத் திறந்தார்கள். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: புரோகிராம் ஏறும்போது மின்னழுத்தம் இறங்கினால் ஈசிஎம் செயலிழந்துவிடும் என்பதால் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் தொடங்கினார்கள். அந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தார்கள். நாற்பது நிமிடத்தில் 12,000 ரூபாய்க்கு வேலை முடிந்தது. கோவைக்குள் ஓட்டியபோது பிக்கப் அருமையாகவே இருந்தது.

அடுத்த வாரமே திம்பத்தில் கரும்புகை. பின்கண்ணாடியில் சாலையே தெரியாத அளவுக்குப் புகை. நான்காவது கியரில் அழுத்தினால் சுற்று ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் வழுக்கத் தொடங்கியிருந்தது. திரும்பப் போய், பழைய புரோகிராமையே ஏற்றிவிடுங்கள், என் வண்டியின் மூல ஃபைலை ஒரு பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். "ஃபைல் எல்லாம் யாருக்கும் குடுக்கறதில்லீங்க" என்றார்கள். பிறகு, கணினியை மாற்றியபோது அது அழிந்துவிட்டது என்றார்கள். அவர்கள் செய்த ஃபைல் அவர்கள் உழைப்பு, அதைத் தர மறுக்கட்டும். ஆனால் வண்டியோடு வந்த ஃபைல் நான் காசு கொடுத்து வாங்கியது. புகையைக்கூட மன்னித்துவிட்டேன், இதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஈரோட்டுப் பக்கம் வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கோப்பைகளும் இல்லை, இழுவையை அளக்கும் டைனோ மேடையும் இல்லை. அங்கிருந்த தம்பி என் கதையைக் கேட்டுவிட்டு, "ஈசிஎம்மை அப்புறம் பாத்துக்கலாமுங்கண்ணா, மொதல்ல காத்து எங்க போகுதுன்னு பாக்கலாமுங்க" என்றார். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போய், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். கிளாம்ப்புக்கு அரை அங்குலம் தள்ளி விரல் நின்றது. வெளியே எடுத்த விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு. ரப்பரைக் கொஞ்சம் வளைத்ததும் நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல் வாய் திறந்தது.

உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கிறது, ஹோஸ் பின்னால் இருக்கிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு விரிசல் வழியே போய்விடுகிறது. ஈசிஎம்முக்கு அது தெரியாததால், வந்துசேராத காற்றுக்கும் சேர்த்து டீசலைத் தெளிக்கிறது. அதன்மேல் இன்னும் டீசல் கேட்கும் ஃபைலை ஏற்றினால் புகை வராமல் என்ன செய்யும்? ஹோஸ் மாற்ற 1,400 ரூபாய் ஆனது. அதை மாற்றிவிட்டு, அதே எண் கொண்ட ஈசிஎம் உள்ள வேறொரு வண்டியின் கம்பெனி ஃபைலை ஏற்றி ஓட்டியபோது, நான் பெரிதாக நினைத்திருந்த டர்போ லேக்கில், அதாவது டர்போ எழும்பும் தாமதத்தில், பாதி காணாமல் போயிருந்தது. முதல் ஒர்க்‌ஷாப்பில் யாராவது ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் எனக்கு ரீமேப்பே தேவைப்பட்டிருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் ரீமேப் செய்தேன், அந்த ஈரோட்டுத் தம்பியிடமே. அவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, டர்போவிடம் கேட்கப்படும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைக்கும் அழுத்தத்தையும் பதிவு செய்துகொண்டே வந்தார். ஃபைலை மாற்றிய பிறகு அதே சாலையில் மீண்டும் பதிவு செய்தார். இரண்டு தாள்களும் என்னிடம் இருக்கின்றன. கிளட்ச் பழையது என்பதால் இழுவையை 215க்கு மேல் போகவிடவில்லை; புகை வராமலிருக்க டீசலுக்கு வைத்திருக்கும் வரம்பை எடுத்துவிடவில்லை; புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆரை அடைக்கவும் மறுத்துவிட்டார். இப்போது திம்பத்தில் பெரும்பாலான வளைவுகளை இரண்டாவது கியரிலேயே ஏறிவிடுகிறேன். லாரி குறுக்கே நின்று வண்டி முற்றிலும் வேகம் இழக்கும் இடத்தில் முதல் கியர்தான். 1,500 சுற்றுக்குக் கீழே டர்போவைச் சுழற்றப் போதுமான கழிவுவாயு எஞ்சினிலிருந்து வராது, அதை எந்த ஃபைலாலும் மாற்ற முடியாது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் முன்பும் கிடைத்தது, இப்போதும் கிடைக்கிறது. மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

சட்டத்தையும் சகலை தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வாரன்டி உள்ள வண்டி என்றால் அந்த வாரன்டியும் கேள்விக்குள்ளாகும். இந்த வகையில் எழுத்தில் எதையும் சொல்லாத ஒர்க்‌ஷாப்பை நான் நாடமாட்டேன்.

இரண்டாவது ஒர்க்‌ஷாப்பை இவ்வளவு புகழ்ந்துவிட்டு, சகலைக்கு நான் சொல்வது "இப்போதைக்கு வேண்டாம்" என்பதே. கிளட்ச் பில் மேசைமேல் கிடக்கும் கோபத்தில் சொல்கிறேனோ என்னவோ, தெரியவில்லை. நல்ல ஒர்க்‌ஷாப் கிடைத்தும்கூட, என் ஈசிஎம்மில் அடிப்படையாக இருப்பது யாரோ ஒருவருடைய வண்டியின் ஃபைல்தான். என்னுடையது இனி வரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தாளவாடிக்குப் போகிற வழியில் கோபியில் வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். இன்டர்கூலர் ஹோஸை இருவருமாகக் கழற்றிப் பார்ப்போம். அதில் விரிசல் இல்லாமல், அதற்குப் பிறகும் திம்பத்தில் வண்டி துவண்டால், நம்பரைத் தருகிறேன்.