அந்த செஸ் புதிர் ஆப்புக்குக் காசு கட்டலாமா?

"அண்ணாச்சி, நீங்க வச்சிருக்க செஸ் புதிர் ஆப்புல வருசச் சந்தாவப் பாதியா குறைச்சிருக்கான். பிள்ளைக்குப் போட்டுக் குடுக்கட்டுமா?" என்று தென்காசியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தான். 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்தே இப்படிப் பலரும் கேட்கிறார்கள். ஆப்பின் பெயர் இங்கே வேண்டாம். சில வருடமாகத் தினமும் ஆடுகிற ஆள் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

1895இல் கிளாஸ்கோவில் வாழ்ந்த சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் கண்டுபிடித்த ஓர் ஆட்டமுடிவுப் புதிர் அந்த ஆப்பில் உண்டு. வெள்ளைக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், கறுப்புக்கு ராஜாவும் யானையும். சிப்பாய் கடைசி வரிசையில் சி8 கட்டத்தைத் தொட்டதும் அதை வேறு காயாக மாற்றலாம், யாருக்கும் கை தானாக ராணியைத்தான் எடுக்கும். எடுத்தால் கறுப்பு யானை சி4க்கு வந்து செக் வைக்கும். அந்த யானையை ராணியால் வெட்டாவிட்டால் ராணி போச்சு. வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமே இல்லை, ஸ்டேல்மேட், அதாவது ஆட்டம் டிரா. ஜெயிக்க ஒரே வழி, சிப்பாயை ராணியாக்காமல் யானையாக மாற்றுவது. அந்த யானை ஏ8இல் மேட் என்று மிரட்டும். கறுப்பு யானை ஏ4க்கு வந்து தடுத்ததும் வெள்ளை ராஜா சத்தமில்லாமல் பி3க்கு நகரும். யானைக்கும் குறி, சி1இல் மேட்டுக்கும் குறி. ராணியை எடுத்தால் இந்த ஆப் 'தவறு' என்று சிவப்புக் காட்டி முடித்துவிடாது, அந்த ஸ்டேல்மேட் வரை ஆடிக் காட்டும். ஏன் ஜெயிக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. இதற்காகவே எவ்வளவு வேண்டுமானாலும் பாராட்டலாம்.

ஆனால் அந்தத் தலைப்பு! ஒவ்வொரு புதிருக்கும் மேலே 'ராணித் தியாகம்', 'மூன்று நகர்வில் மேட்' என்று எழுதியிருக்கும். தியாகத்தில், அதாவது காயை வேண்டுமென்றே பலி கொடுப்பதில், கஷ்டமே இங்கே அப்படி ஒன்று இருக்கிறது என்று சந்தேகப்படுவதுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சம் வெறும் கணக்கு. தலைப்பை மறைக்க செட்டிங்ஸில் வழி உண்டு, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது பழையபடி மாறிவிடும். எத்தனையோ முறை எழுதிக் கேட்டாயிற்று. "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று மட்டும் பதில் வரும்.

அதைவிடப் பெரிய குறை, தோற்கிற தியாகம் ஒன்றுகூட அதில் கிடையாது. கறுப்பு ராஜா காஸ்லிங் செய்து ஜி8இல் இருக்கும்போது பிஷப்பால் ஹெச்7 சிப்பாயை வெட்டிச் செக் வைப்பது பழைய அடி. ராஜா அதை வெட்டியதும் குதிரை ஜி5இல் செக், ராஜா திரும்பி ஓடினால் ராணி ஹெச்5க்கு வந்து ஹெச்7ஐக் குறிவைக்கும். கேட்க இனிப்பாக இருக்கும். கறுப்புக் குதிரையால் எஃப்6க்கு வர முடிந்தால், அல்லது கறுப்பு பிஷப்பால் எஃப்5க்கு வந்து ஹெச்7ஐக் காக்க முடிந்தால், பிஷப்பைத் தண்டமாகக் கொடுத்ததாகிவிடும். இ5இல் வெள்ளைச் சிப்பாய் நின்று எஃப்6ஐ மறிக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வது அதற்குத்தான்.

எங்கள் அக்கா மகன் பாளையங்கோட்டையில் ஒரு போட்டியில் இதையே அடித்தான். இ5இல் சிப்பாய் இல்லை. டி7இல் இருந்த குதிரை எஃப்6க்கு வந்து ஹெச்7ஐயும் காத்தது, ராணியையும் அடித்தது. "மாமா, ஆப்புல இப்படி வந்தா எப்பவும் ஜெயிக்குமே" என்றான் பிள்ளை. அவன் சொன்னதில் தப்பே இல்லை. அந்த ஆப்பில் எப்பவும் ஜெயிக்கத்தான் செய்யும், ஜெயித்த ஆட்டங்களிலிருந்து மட்டும் பொறுக்கி எடுத்து வைத்தால் வேறு என்ன நடக்கும்? தோற்கிற தியாகங்களையும் கலந்து, "இங்கே கொடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கம்ப்யூட்டர்தான் எந்த நிலையையும் நொடியில் எடை போட்டுவிடுகிறதே. காசு வாங்குகிறவர்கள் பிள்ளைகளுக்கு இதைச் செய்யாமல் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தம்பி, நான் நேற்றுதான் இன்னொரு வருடத்துக்குக் கட்டினேன். சாவேத்ரா மாதிரி முடிவுகள் எனக்கு வேண்டும். உன் பிள்ளைக்கு வேண்டாம், பாதி விலைக்கும் வேண்டாம். ஒரு போர்டும் காயும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனில் இறங்கி வீட்டுக்குக் கூட்டிவா. ஹெச்7 அடியில் ஜெயிக்கிற நிலை பாதி, தோற்கிற நிலை பாதி என்று தலைப்பே இல்லாமல் நான் அடுக்கி வைக்கிறேன், அது யோசித்துச் சொல்லட்டும்.