கடற்கரையில் 50 பேர் கல்யாணம்: மாமல்லபுரமா, கேரளக் கோவளமா, திருகோணமலையா?

நெருங்கிய சொந்தம் 50 பேரோடு கடலோர ரிசார்ட்டில் கல்யாணத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வீட்டில் முடிவாகிவிட்டால், உடனே ஊரைப் பற்றித்தான் பேச்சு தொடங்கும். போட்டோவில் எல்லாக் கடலும் ஒரே நீலம். ஆனால் பஞ்சாங்கத்தையும் பருவமழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு கரைக்கும் வருடத்தில் சில வாரங்கள்தான் தேறும். அதனால் முதலில் மாதம், அப்புறம்தான் ஊர்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது மூன்று இடங்கள். மாமல்லபுரத்தை ஒட்டிய ஈசிஆர் (சென்னையிலிருந்து போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை) ரிசார்ட்டுகள், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலுள்ள கோவளம், இலங்கையில் திருகோணமலையின் உப்புவெளியும் நிலாவெளியும். கோவா அழகுதான். ஆனால் மதுரை, நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பயணமே ஒரு நாளைத் தின்றுவிடும். பாலிக்கு 50 பாஸ்போர்ட், 50 விசா. அதோடு மார்ச் மாதவாக்கில் வரும் நியெபி என்ற மௌன நாளில் அங்கே விமான நிலையமே 24 மணி நேரம் மூடிக்கிடக்கும், ஹோட்டலை விட்டு யாரும் வெளியே வர முடியாது. பங்குனி முகூர்த்தத்தைப் பாலியில் வைக்க நினைப்பவர்கள் அந்தத் தேதியை முதலில் பார்த்துவிட வேண்டும்.

மாதக் கணக்குக்கு வருவோம். ஈசிஆரில் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் உரியவை. மார்கழியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. சித்திரை பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே மணல் சுடும். மிஞ்சுவது தை, மாசி, பங்குனியில் கொஞ்சம். கேரளக் கோவளத்தில் ஜூன் தொடங்கியதும் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும், ஐப்பசியில் துலாவர்ஷம் மறுபடியும் நனைக்கும். அங்கேயும் கடைசியில் தை, மாசிதான். இரண்டு கரைக்கும் ஒரே வாரங்களில் ஆள் குவிவதால், நல்ல முகூர்த்த நாளில் அறை வாடகை உச்சத்தில் நிற்கும். பேரம் பேச இடமே இருக்காது.

திருகோணமலை இதற்கு நேர் எதிர். அங்கே வடகிழக்குப் பருவக்காற்றுதான் மழையைத் தரும், அதனால் தை மாதத்தில் போனால் கொந்தளிக்கும் கடலைத்தான் பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை வானம் வெளுத்து, கடல் குளம் போல அடங்கிக் கிடக்கும். வைகாசி, ஆனி, ஆவணி மூன்றும் கல்யாண மாதங்கள். டொரொண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய வரம். பள்ளிக்கூடக் கோடை விடுமுறையும் முகூர்த்தமும் கடலும் ஒன்றாகக் கூடிவருவது இந்தக் கரையில்தான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருபவர்களுக்கு மார்கழி குறுக்கே நிற்கும், கோடை விடுமுறையில் வரும் ஆவணி முதல் பாதிக்கு அந்தச் சிக்கல் இல்லை. இலங்கைதான் வேண்டும், ஆனால் தையில்தான் நாள் குறித்திருக்கிறது என்றால் மேற்கே பெந்தோட்டைப் பக்கம் போங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தக் கரைதான் தெளிந்திருக்கும்.

அடுத்தது திசை. ரிசார்ட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சாயங்காலம் போய் ஒரு காபி குடித்துவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். நம் முகூர்த்தமோ காலையில். மணமக்களைக் கிழக்கு முகமாக உட்கார வைப்பது வழக்கம். மாமல்லபுரத்திலும் நிலாவெளியிலும் கடல் கிழக்கே. அப்படியானால் பெண்ணும் மாப்பிள்ளையும் கடலைப் பார்த்து உட்காருவார்கள், எதிரே உட்காரும் சொந்தக்காரர்களுக்குக் கடல் முதுகுப்பக்கம். போட்டோவில் மணமக்களுக்குப் பின்னால் வருவது ரிசார்ட் கட்டடமோ தென்னந்தோப்போதான். கோவளத்தில் கடல் மேற்கே. கிழக்கு முகமாக உட்கார்ந்த மணமக்களின் முகத்தில் காலை வெயில் நேராக விழும், முதுகுக்குப் பின்னால் முழுக் கடலும் விரியும், சபையில் இருப்பவர்களும் அதையே பார்ப்பார்கள். தாலி கட்டும் நேரத்துப் படம் கடலோடு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் கோவளத்தைத்தான் சொல்வேன். கடலில் சூரியன் உதிக்கும்போதே தாலி ஏற வேண்டும் என்றால் மாமல்லபுரத்துக்கு ஈடு கிடையாது. அந்த முதல் அரை மணி நேர வெளிச்சத்தில் பட்டுப்புடவையின் நிறமே வேறு.

விடிகாலையில் இன்னொரு வசதியும் உண்டு. கடற்காற்று பொதுவாக முற்பகலுக்கு மேல்தான் எழும், அதற்கு முன்னால் ஹோமத் தீ சாயாமல் எரியும். பத்தரை மணி முகூர்த்தத்தைத் திறந்த மணலில் வைத்தால் குத்துவிளக்கை அணையாமல் காப்பதே ஒருவருக்கு முழுநேர வேலையாகிவிடும். திருகோணமலையில் ஆனி மாதத்துக் கச்சான் காற்று நிலத்திலிருந்து சூடாக வீசும், அங்கே பந்தலின் மேற்குப் பக்கத்தை அடைத்துக் கட்டச் சொல்லுங்கள். இந்தியாவில் ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, வாத்தியங்களுக்கும் தடை உண்டு. 5 மணி முகூர்த்தம் என்றால் ஆறு மணி வரை நாதஸ்வரத்தை மூடிய மண்டபத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ரிசார்ட் மேலாளர் சம்மதித்தாலும் விதி மாறாது.

பெரியவர்களின் முழங்காலை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. 50 பேர் கல்யாணத்தில் தாத்தா பாட்டி நான்கு பேர் என்றால் அது சின்ன எண்ணிக்கை அல்ல. கோவளம் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், நாகர்கோவில்காரர்களுக்குக் காரிலேயே காலைப் பயணம். (பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதை வழியாகப் போவதால் அன்று மாலை சில மணி நேரம் அந்த விமான நிலையத்தில் விமானங்கள் இறங்காது.) சென்னை விமான நிலையத்திலிருந்து மாமல்லபுரம் 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருகோணமலை இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது. கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகு சாலையில் ஐந்தாறு மணி நேரம். வழியில் ஓர் இரவு தங்க வைக்க முடியாத குடும்பம் எண்பது வயதுக்காரரை அங்கே அழைத்துப் போவது அன்பாகாது. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால் தமிழ் பேசும் ஊர், ஐயரும் மேளமும் அங்கேயே கிடைக்கும், கோணேசர் கோயிலும் பக்கத்தில். பாலியில் இதையெல்லாம் இங்கிருந்து கட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: சென்னை ஈசிஆரிலும் ஒரு கோவளம் இருக்கிறது. அழைப்பிதழில் மாநிலத்தையும் சேர்த்து அச்சடியுங்கள்.

செலவில் நான் பார்க்கச் சொல்வது இலை போட்ட சாப்பாட்டைத்தான். பல ரிசார்ட்டுகள் வெளிச் சமையல்காரரை உள்ளே விடாது, விட்டாலும் தனிக் கட்டணம் கேட்கும். அவர்களுடைய பஃபேயில் பனீர் நன்றாக இருக்கும், வத்தக்குழம்பு இருக்காது. சின்னக் கல்யாணத்தில் சாப்பாட்டைத்தான் எல்லாரும் வருடக்கணக்கில் பேசுவார்கள். அதனால் ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு மதியச் சாப்பாட்டை இலை போட்டுப் பரிமாறச் சொல்லி ருசி பாருங்கள். இந்தியாவில் ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், சொல்லும் விலை வரியோடா வரியில்லாமலா என்பதைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

ஈசிஆரைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் மனதார ஒன்று கேட்கிறேன். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அதாவது நம் தை, மாசி, பங்குனி முழுக்க, சென்னைக் கரையில் பங்குனி ஆமை என்ற வகைக் கடலாமைகள் முட்டையிட ஏறுகின்றன. குஞ்சுகள் பொரிந்ததும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வழி கண்டுபிடிக்கும். கரையில் எரியும் சீரியல் பல்பும் ஃபோக்கஸ் விளக்கும் அவற்றை நிலத்துப் பக்கம் இழுத்துவிடும். வரவேற்பைப் புல்தரையோடு நிறுத்திக்கொண்டு, கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைக்கச் சொல்லுங்கள். பகல் கல்யாணத்துக்கு இதனால் எந்தக் குறையும் வராது.

பதிவு விஷயத்தில் மாமல்லபுரம்தான் எளிது. புரோகிதர் இல்லாமல், உறவினர் முன்னிலையில் மாலை மாற்றி இந்துக்கள் செய்யும் சுயமரியாதைத் திருமணத்தை, 1967-ல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவாக ஏற்கிறது. அது தமிழ்நாட்டுக்கான திருத்தம். அப்படித்தான் கல்யாணம் வேண்டும் என்பவர்கள் எல்லை தாண்டாமல் இங்கேயே வைப்பது நல்லது. தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிய வேண்டும், கேரளத்தில் 45 நாளுக்குள் உள்ளாட்சிப் பதிவாளரிடம். இருவருமே இந்தியக் குடிமக்களாக இருந்து நிலாவெளிக்குப் போகிறீர்கள் என்றால், 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி இங்கேயே பதிந்துகொண்டு, கடற்கரையில் சடங்கை மட்டும் வைத்துக்கொள்வது நிம்மதி. அதற்கு 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. டிக்கெட் போடும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.