சென்னை – தூத்துக்குடி விமானம்: அந்த ‘ஒரு மணி நேரம்’ கணக்கை நம்பாதீர்கள்

காசிமேட்டு நண்பர் ஒருவர் கேட்டார், “அண்ணே, தூத்துக்குடிக்கு ஒரு மணி நேரம்தான்னு நெட்ல போட்டிருக்கு, இனிமே ரயிலை விட்டுரலாமா?” தண்டையார்பேட்டையிலிருந்து பல வருடமாகப் போய்வருகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தூரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீனம்பாக்கத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைகுளம் வரை நேர்கோட்டில் ஏறக்குறைய 530 கி.மீ. எனக்கு எரிச்சல் அந்த நேரக் கணக்கில்தான். எந்த ஊருக்கு எந்த விமானம் போகிறது என்று பார்க்காமல், மணிக்கு 800 கி.மீ. சொச்சத்தால் தூரத்தை வகுத்து, ஏற இறங்கக் கொஞ்சம் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். தூத்துக்குடியில் ஓடுபாதை வெகுகாலம் 1,350 மீட்டர்தான், பெரிய ஜெட் இறங்க வழியே இல்லை, அதனால் நான் போனதெல்லாம் புரொப்பல்லர் வைத்த ஏடிஆர் என்ற சின்ன விமானத்தில். அது மணிக்கு 500 கி.மீ. பக்கம்தான் பறக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் சரியான நேரத்துக்குக் கிளம்பினால். ஒரே ஏடிஆர் காலையிலிருந்து ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வருகிறது, காலையில் எங்கோ அரை மணி தாமதமானால் சாயங்காலம் நம் தலையில் விடியும். போன தடவை அப்படித்தான். “விமானம் இன்னும் வரவில்லை” என்ற ஒரே அறிவிப்போடு உட்கார வைத்தார்கள், எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் பதிலே இல்லை. வயதானவர்கள் நிறைய இருந்தார்கள், ஒரு வாய் தண்ணீராவது கொடுத்திருக்கலாம்.

ஆனால் ஜன்னல் சீட்டுக்கு ஈடே கிடையாது. ஏடிஆருக்கு இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பில்லை, ஜெட் அளவுக்கு உயரவும் போவதில்லை. மேகமில்லாத நாளில் கொள்ளிடமும் காவிரியும் அடுத்தடுத்து வரும், அதற்குத் தெற்கே கண்மாய் கண்மாயாக நிலம். ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதைத்தான் பார்க்கிறேன். வரும்போது ஒன்று கவனியுங்கள், மேலே பை வைக்கும் இடம் சின்னது, மக்ரூன் டப்பாவை மடியில் வைக்க வேண்டிவரும்.

வடசென்னைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது பெரிய உபகாரம், வண்டி மாறாமல் முக்கால் மணி, ஐம்பது நிமிடத்தில் விமான நிலையம். அப்புறம் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போக வேண்டும், அங்கே இறங்கி ஊருக்குள் போக அரை மணிக்கு மேல். வீட்டிலிருந்து வீட்டுக்கு ஐந்து மணி நேரம் ஆகிவிடும். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி படுத்தால் காலையில் தூத்துக்குடி, எழும்பூரும் நமக்குப் பக்கம்.

இப்போது ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். ஏர்பஸ் மாதிரி பெரிய ஜெட்டே இறங்கலாம். டிக்கெட் எடுக்கும்போது எந்த விமானம் என்று பாருங்கள், ஏடிஆர் என்று இருந்தால் ஒன்றரை மணி நேரம்தான்.

நண்பருக்கு என் பதில்: அவசரம் என்றால், அம்மாவைக் கூட்டிப் போவதென்றால் விமானம், காலை நேரத்தில் மட்டும். நான் அடுத்த மாதத்துக்கு முத்துநகரில் லோயர் பெர்த் போட்டுவிட்டேன்.