அக்டோபர் 31 இரவுக்கு எது: ஹாலோவீனா, எக்ஸார்சிஸ்ட்டா?

அக்டோபர் 31 ஹாலோவீன், பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் இரவு. அன்றைக்குப் பார்க்க ஒரே திகில் படம்தான் என்றால் என் ஓட்டு ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) படத்துக்கு. பேயே கிடையாது, முகமூடிக்காரன் ஒருவன்தான். பட்டப்பகலில் வேலியோரம் நிற்பான். மறுபடி பார்த்தால் ஆள் இருக்க மாட்டான். ரத்தமும் குறைவு. அந்த முகமூடி, ‘ஸ்டார் ட்ரெக்’ டிவி தொடரில் வரும் கேப்டன் கிர்க்கின் முகத்தை வைத்துக் கடையில் விற்றது. வெள்ளை பெயின்ட் அடித்துக் கண் துளைகளைப் பெரிதாக்கினார்கள், அவ்வளவுதான். கதை நடப்பது இலையுதிர் காலத்தில், படம்பிடித்ததோ கலிபோர்னியாவின் வசந்த காலத்தில். அதனால் உதிர்ந்த இலைகளுக்கும் பெயின்ட் அடித்து, ஷாட் முடிந்ததும் பொறுக்கியெடுத்து மறுபடி தூவியிருக்கிறார்கள். கார்பென்டரே போட்ட அந்தப் பியானோ இசை 5/4 தாளம், நம்ம கண்ட நடை மாதிரி. கால் தாளம் போடப் போய்த் தடுமாறும்.

‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) வேறு ரகம், பேய் பிடித்த ஒரு சிறுமியின் கதை. முதல் ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி, டெஸ்ட், தாயின் பதற்றம் என்று மெதுவாகத்தான் போகும். பொறுமை வேண்டும். கடைசியில் அந்தச் சிறுமியின் படுக்கையறையில், பேயோட்ட வந்த பாதிரியார்கள் வாயிலிருந்து வரும் மூச்சுப் புகை நிஜம். செட்டையே குளிரூட்டி உறைய வைத்திருந்தார்கள். பயம் இதில்தான் அதிகம், சந்தேகமில்லை. ஆனால் நண்பர்கள் கூடி முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்க்கிற படம் இல்லை. தனியாகப் பார்ப்பதென்றால் இதைப் போடுங்கள்; ஹால் லைட் எரியட்டும்.