வட சென்னை நடனப் பள்ளிக்கு எது ஆள் சேர்க்கும்? கூகுள் மேப், ஜஸ்ட்டயல், இன்ஸ்டாகிராம், விளம்பரம்: ஓர் அலசல்

ஏழு வயதுப் பிள்ளையை மாலை ஐந்தரைக்கு டான்ஸ் கிளாசில் விட்டுவிட்டு, ஏழு மணிக்குத் திரும்பக் கூட்டிவர வேண்டும். கொளத்தூரில் இருக்கும் அம்மா அதற்காக ராயபுரம் வரை போக மாட்டார். நடந்தோ ஸ்கூட்டியிலோ பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் இடத்தைத்தான் தேடுவார். அந்தப் பத்து நிமிட வட்டத்தில் இருப்பவர் கண்ணில் எது படும் என்பதை வைத்தே இந்த வழிகளை எடைபோட வேண்டும். எங்கள் கணிப்பில் முதலிடம் கூகுள் மேப்புக்கு. மற்றவை அதற்குத் துணை.

கூகுள் பிசினஸ் புரொஃபைல்

கூகுள் மேப்பில் பள்ளிக்கென்று நாம் திறக்கும் பக்கம் இது. கட்டணம் கிடையாது. தேடுவதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்றது ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் வரிசைப்படுத்துவதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் மேப்பில் இடத்தைக் காட்டும் ‘பின்’ குறி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைச் சந்துகளில் பின் அடுத்த தெருவில் விழுந்தால், வழி கேட்டு வருபவர் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். வாசலிலேயே நின்று பின்னை நகர்த்தி வையுங்கள்.

முதன்மை வகையாக ‘நடனப் பள்ளி’யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடுதலாக ஒன்பது வகைகள் வரை சேர்க்கலாம். உண்மையில் சொல்லித்தருவதை மட்டும் சேருங்கள். விவரிப்புக்கு 750 எழுத்துகள் இடமுண்டு. பரதமா வெஸ்டர்னா, எந்த வயதிலிருந்து, எந்தக் கிழமை, எந்த நேரம் என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். பெயர்ப் பலகையில் இருக்கும் பெயரைத்தான் பள்ளியின் பெயராகப் போட வேண்டும். அதோடு ‘பெஸ்ட் பரதநாட்டியம் கிளாஸ் பெரம்பூர்’ என்று ஒட்டினால் சில காலம் மேலே ஏறலாம். யாராவது புகார் செய்தால் பக்கமே முடக்கப்படும் அபாயம் உண்டு.

முகவரியில்தான் சென்னைக்கே உரிய சிக்கல். பழைய எண், புதிய எண் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஓரிடத்தில் பழைய எண், இன்னோரிடத்தில் புதிய எண். ஒன்றில் வண்ணாரப்பேட்டை, மற்றொன்றில் வாஷர்மென்பேட் என்று கிடந்தால், ஒரே பள்ளிக்கு இரண்டு பக்கங்கள் முளைத்து ரிவ்யூக்கள் பிரிந்துபோகலாம். ஒரே வடிவத்தை முடிவு செய்து, பின்கோடு, போன் நம்பரோடு எல்லா இடத்திலும் அதையே போடுங்கள்.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. சனி, ஞாயிறு மட்டும் பள்ளிக்கூட ஹாலையோ கல்யாண மண்டபத்தையோ வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துபவர், அந்த இடத்தின் முகவரியில் கூகுள் பக்கம் திறக்க விதி இடம் தராது. தனக்குச் சொந்தமில்லாத, தான் பிரதிநிதியாக இல்லாத இடத்தில் நடக்கும் தொடர் வகுப்புக்குத் தகுதியில்லை என்று விதியிலேயே இருக்கிறது. மாணவர் வீட்டுக்கே போய்ச் சொல்லித்தருபவர் முகவரியை மறைத்துவிட்டு, 20 சேவைப் பகுதிகள் வரை குறிப்பிடலாம். ஆனால் பகுதிகளைச் சேர்ப்பதால் அங்கெல்லாம் வரிசையில் மேலே வந்துவிட முடியாது.

பள்ளி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்ற சரிபார்ப்புக்குக் கூகுள் இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறது. தெருவில் தொடங்கி, பெயர்ப் பலகையைக் காட்டி, பூட்டைத் திறந்து உள்ளே போய், கண்ணாடி, தட்டுக்கழி (ஆசிரியர் தாளம் தட்டும் கோல்), ஸ்பீக்கர் வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் எடுப்பதே நல்லது.

ரிவ்யூ கேட்கச் சலங்கை பூஜை, ஆண்டு விழா முடிந்த வாரம் நல்ல நேரம். பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி, பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ரிவ்யூவுக்குப் பதிலாகக் கட்டணத்தில் தள்ளுபடி தருவது விதிமீறல். எல்லோரையும் ஒரே நாளில் போடச் சொன்னால் கூகுளின் போலி ரிவ்யூ வடிகட்டியில் சில காணாமல் போகலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று பேரிடம் கேட்டால் போதும்.

ஜஸ்ட்டயல், சுலேகா

இரண்டும் ஊரிலுள்ள கடைகளையும் சேவைகளையும் பட்டியலிடும் தளங்கள். ஜஸ்ட்டயல் 1996-லிருந்து இயங்குகிறது. ‘டான்ஸ் கிளாஸ் இன் பெரம்பூர்’ என்று கூகுளில் தேடினால், மேப்புக்குக் கீழே இத்தகைய பட்டியல் பக்கங்கள்தான் அடிக்கடி வருகின்றன. எனவே இலவசப் பதிவைக் கட்டாயம் போட்டுவையுங்கள்.

கட்டணத் திட்டம் வேறு கதை. ஒரே என்கொயரி பல பள்ளிகளுக்குப் போகும்; முதலில் பேசுபவருக்குத்தான் அட்மிஷன். மாலை 5 முதல் 8 வரை ஆசிரியர் தட்டுக்கழியோடு உட்கார்ந்திருப்பார், பெற்றோர் அழைப்பதும் அந்த நேரத்தில்தான். போனை எடுக்க வேறு ஆள் இல்லாத பள்ளி இதில் பணம் போடக் கூடாது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: மாதக் கட்டணம் ரூ.800, ஒரு பிள்ளை 10 மாதம் தொடர்ந்தால் வரவு ரூ.8,000. ஆண்டுச் சந்தா ரூ.24,000 என்றால் அந்த வழியில் மூன்று பிள்ளைகள் சேர்ந்தால்தான் சந்தாவே ஈடாகும். ஹால் வாடகை தனி. தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஏற்பாடு என்றால், நிறுத்தும் முறையைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராம்

ரீல் ஐம்பதாயிரம் பேரைச் சேரலாம். அவர்களில் தண்டையார்பேட்டைக்காரர் எத்தனை பேர் என்பதுதான் விஷயம். கூகுளில் பள்ளியைக் கண்டுபிடித்த பெற்றோர், சொல்லித்தரும் விதம் எப்படி என்று பார்க்க இங்கே வருகிறார். அந்த வேலைக்கு இது அருமையான இடம். மேடை ரீல்களோடு, பரதத்தின் முதல் அடிப்படை அசைவான தட்டடவு முதல் வகுப்பில் எப்படித் தொடங்குகிறது என்பதையும் காட்டுங்கள்.

பெயர்க் கட்டத்தில் ‘பரதநாட்டியம், திருவொற்றியூர்’ என்று சேர்த்தால் ஆப்புக்குள் தேடும்போது அகப்படும். ஒவ்வொரு பதிவிலும் லொகேஷன் போடுங்கள். பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டுகள் பலவற்றைப் பயன்படுத்த முடியாது. ஒலி அடைக்கப்பட்ட நடன ரீலால் பயனில்லை. சொந்த நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவது), சொல்லுக்கட்டு (‘தை யா தை’ போன்ற தாளச் சொற்கள்) ஒலிப்பதிவு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிள்ளைகளின் முகம் வருவதற்குப் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பிள்ளையின் பெயர், படிக்கும் பள்ளி, யூனிஃபார்ம் எதுவும் வர வேண்டாம்.

கூகுள் விளம்பரம்

ஆண்டு முழுக்கத் தேவையில்லை. கோடை விடுமுறைக்கு முன்பும் விஜயதசமிக்கு முன்பும் மூன்று வாரம் ஓட்டினால் போதும். பள்ளியைச் சுற்றி 3 கிலோமீட்டர் ஆரம் வையுங்கள். இருப்பிட அமைப்பில் ‘இந்தப் பகுதியில் ஆர்வம் உள்ளவர்கள்’ என்பதும் தானாகவே சேர்ந்திருக்கும். அதை எடுத்துவிட்டு ‘இந்தப் பகுதியில் இருப்பவர்கள்’ என்று மட்டும் மாற்றாவிட்டால் வெளியூர்க் கிளிக்குக்கும் காசு போகும். ‘வாடகை டிரஸ்’, ‘ஆன்லைன்’, ‘வேலை’, ‘வீடியோ’ ஆகியவற்றை விலக்குச் சொற்களில் போடுங்கள்; அவற்றைத் தேடுபவருக்கு விளம்பரம் காட்டப்படாது. அழைப்பு பட்டன் போன் எடுக்க ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் தெரியட்டும். பேட்ச் நிரம்பிய அன்றே விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள்.

எது வேலை செய்தது என்று அறிய அட்மிஷன் படிவத்தில் ‘எங்களை எப்படித் தெரியும்?’ என்று ஒரு வரி வேண்டும். ‘கூகுள்’ என்று எழுதினால், மேப்பா விளம்பரமா என்று வாயால் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள்.