நியூயார்க்கா, ஹேக்கா? பாலஸ்தீனத்தின் முன் இரு வாசல்கள்

பாலஸ்தீனம் நியூயார்க்கிலுள்ள ஐ.நா.வில் நாடாக அங்கீகாரம் தேடுவதா, நெதர்லாந்தின் ஹேக் நகர நீதிமன்றங்களின் படியேறுவதா, எது உருப்படும் என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஆதரவு
நியூயார்க்: 2012-இல் பொதுச்சபையில் உறுப்பினரல்லாத பார்வையாளர் ‘நாடு’ என்ற தகுதிக்கு 138 வாக்குகள், 2024 மே மாதம் முழு உறுப்புரிமைக்கு ஆதரவாக 143. 2025 செப்டம்பரில் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவளித்த 1917 பால்ஃபர் பிரகடனத்தைத் தந்த பிரிட்டனே அங்கீகரித்தது. (இந்தியா 1988-லேயே.)
ஹேக்: பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2024 ஜூலை 19 அன்று கருத்துரைத்தது.

முட்டுக்கட்டை
நியூயார்க்: வீட்டோ, அதாவது ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்றே தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம். 2024 ஏப்ரலில் பாதுகாப்பு அவையில் 12 நாடுகள் கை தூக்கியும், அமெரிக்கா தூக்கிய ஒரே கை முழு உறுப்புரிமையைத் தடுத்துவிட்டது.
ஹேக்: வீட்டோ இல்லை, போலீஸும் இல்லை. 2024 நவம்பரில், தனிமனிதர்களை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்குப் பிடியாணை பிறப்பித்தது. அடுத்த ஏப்ரலில், உறுப்பு நாடாக அவரைக் கைது செய்திருக்க வேண்டிய ஹங்கேரி அவருக்கு ராணுவ மரியாதையோடு வரவேற்பு கொடுத்தது. கையோடு அந்த நீதிமன்றத்திலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது.

கைக்கு வந்தது
நியூயார்க்: 2024 செப்டம்பரில் பொதுச்சபையில் இலங்கைக்கும் சூடானுக்கும் நடுவே ஒரு மேசை, பெயர்ப்பலகையோடு.
ஹேக்: பிடியாணைக்கு ஆளானவர்களின் பயணப் பாதை சுருங்கியது.

தூதரகம், ஒப்பந்தம், உறுப்புரிமை வேண்டுமென்றால் நியூயார்க். தனிமனிதர்களைப் பொறுப்பாக்க ஹேக். என் பார்வையில் முதல் வாசல்தான் முக்கியம்: 2012-இல் கிடைத்த ‘நாடு’ என்ற தகுதியை வைத்துத்தான் பாலஸ்தீனம் 2015-இல் குற்றவியல் நீதிமன்றத்தில் சேர்ந்தது. மேற்குக் கரையில் இஸ்ரேலியக் குடியேற்றங்களை இரண்டும் இன்னும் நிறுத்தவில்லை.